வாசகர் கேள்வி பதில்: ஆண்களின் எடைக்குறைப்பும் மருத்துவரின் மேற்பார்வையும்

ஆண்களின் தொப்பையும் நீரிழிவும் பற்றிச் சென்ற இதழில் எழுதிய கட்டுரைக்குப் பின், டர்பனைச் சுற்றியுள்ள ஊர்களிலிருந்தும் ஜோகன்னஸ்பர்க் பக்கமிருந்தும் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை எடைக்குறைப்பு ஊசியைப் பற்றியே கேட்கின்றன. ஒரே பொருளைக் கேட்ட கடிதங்களை ஒன்றாகச் சேர்த்து, பெயர்களை விட்டு ஊரை மட்டும் குறிப்பிட்டுப் பதில் எழுதியிருக்கிறேன். இவை பொதுவான விளக்கங்கள். உங்களை நேரில் பரிசோதித்து, இரத்தப் பரிசோதனை முடிவுகளைக் கையில் வைத்திருக்கும் மருத்துவர் எடுக்கும் முடிவே உங்களுக்குரியது.

கேள்வி: எனக்கு 46 வயது. சரக்கு லாரி ஓட்டுகிறேன். உயரம் 170 சென்டிமீட்டர், எடை 84 கிலோ. வேலைக்கான மருத்துவச் சோதனையில் ‘எடை சற்று அதிகம், பருமன் இல்லை’ என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். என் தந்தையார் 52 வயதில் மாரடைப்பால் காலமானார். டாக்டரிடம் போகச் சொல்லி மனைவி வற்புறுத்துகிறாள். பருமனே இல்லாதவன் டாக்டரிடம் போய் என்ன கேட்பது?
— வாசகர், சாட்ஸ்வர்த்

பதில்: கட்டாயம் போங்கள். உங்கள் மனைவி சொல்வதே சரி. நீங்கள் தந்திருக்கும் எடையையும் உயரத்தையும் வைத்துக் கணக்கிட்டால் உடல் நிறைக் குறியீட்டெண் 29 வருகிறது. 30-ஐத் தொட்டால்தான் பருமன் என்ற வரம்பு பெரும்பாலும் ஐரோப்பிய வழியினரை ஆராய்ந்து வகுக்கப்பட்டது. நம்மைப் போன்ற தெற்காசிய வழியினருக்கு அதைவிடக் குறைந்த எடையிலேயே நீரிழிவும் இதய நோயும் வந்துவிடுகின்றன என்பதால், 2004-இல் உலக சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு, ஆசியர்களுக்கு 23-ஐத் தாண்டினால் ஆபத்து கூடத் தொடங்குகிறது, 27.5-ஐத் தாண்டினால் ஆபத்து மிகுதி என்று தனி எல்லைகளைக் குறித்தது. அந்த அளவுகோலின்படி நீங்கள் மேல் எல்லையையே கடந்துவிட்டீர்கள். நேட்டால் இந்தியர்களிடையே நீரிழிவு மிகுதியாக இருப்பதை டர்பனில் பணியாற்றிய மருத்துவர் ஜி. டி. காம்ப்பெல் 1960-களிலேயே எழுதினார். இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் சோதனைத் தாளில் நமக்குப் பொருந்தாத வரம்பே எழுதப்படுவதும், அதைப் பார்த்து ஆண்கள் நிம்மதியாக வீடு திரும்புவதும் எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தருகின்றன.

எடையைவிட உங்கள் இடுப்புச் சுற்றளவு அதிகம் சொல்லும். தையல் பெட்டியில் இருக்கும் இஞ்சு டேப்பே இதற்குப் போதும். சட்டையைக் கழற்றிவிட்டு, விலாவின் கடைசி எலும்பைக் கைவிரலால் தொட்டுப் பாருங்கள். பிறகு இடுப்பெலும்பின் மேல் விளிம்பைத் தொட்டுப் பாருங்கள். இரண்டுக்கும் சரிபாதியில் டேப்பைச் சுற்றி, மூச்சை இயல்பாக வெளியே விட்டு, வயிற்றை எக்காமல் அளவைப் படியுங்கள். பெல்ட் கட்டும் இடத்தில் அளக்கக் கூடாது. தொப்பைக்குக் கீழே பெல்ட் கட்டும் பழக்கத்தால், இருபது ஆண்டுகளாக ஒரே அளவு கால்சட்டைதான் போடுகிறேன் என்று சொல்லும் ஆண்களிடம் சரியான இடத்தில் அளந்தால் 105, 110 என்று வருவதை நான் அடிக்கடி பார்க்கிறேன். தெற்காசிய ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர்தான் எல்லை. உயரத்தில் பாதிக்குள் இடுப்பு இருக்க வேண்டும் என்று இன்னொரு கணக்கும் உண்டு. உங்களுக்கு அது 85.

மருத்துவரிடம் என்ன கேட்பது என்றீர்கள். தந்தையார் 52 வயதில் மாரடைப்பால் இறந்ததை முதலில் சொல்லுங்கள். இரத்த அழுத்தம், மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி, கொழுப்பு வகைகள், கல்லீரல் நொதிகள், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் ஆகியவற்றைப் பார்க்கும்படி கேளுங்கள். லாரி ஓட்டுபவர் என்பதால் இன்னொன்றையும் மறக்கக் கூடாது. இரவில் பலத்த குறட்டை விடுகிறீர்களா, நடுவில் மூச்சு நின்று திணறி எழுகிறீர்களா என்று மனைவியிடம் கேட்டுக்கொண்டு போங்கள். கழுத்துச் சுற்றளவு 43 சென்டிமீட்டருக்கு மேல் இருந்தாலோ, பகலில் ஓட்டும்போது கண் சொக்கினாலோ, தூக்கத்தில் மூச்சடைப்பு இருக்கிறதா என்று பரிசோதிக்க வேண்டும். எடை குறைய மாதங்கள் ஆகும். நெடுஞ்சாலையில் கண் சொக்குவதற்கு அதுவரை காத்திருக்க முடியாது.

கேள்வி: எனக்கு 51 வயது, எட்டு ஆண்டுகளாக நீரிழிவு. மெட்ஃபார்மினும் கிளிக்ளசைடும் எடுத்துக்கொள்கிறேன். எடை 103 கிலோ. என்னோடு வேலை செய்யும் தம்பி ஒருவர் எடைக்குறைப்பு ஊசி மருந்தைச் சிறு குப்பியில் வாங்கித் தருகிறார். மருந்துக் கடையில் விற்கும் பேனா ஊசியின் விலையில் பாதிகூட இல்லை. அவரே நன்றாக மெலிந்திருக்கிறார். என் டாக்டர் கோபித்துக்கொள்வார் என்று அவரிடம் சொல்லவில்லை. இரண்டு வாரம் போட்டுக்கொண்டேன். போன வாரம் ஒரு மாலை கை நடுங்கி, சட்டை நனையும் அளவுக்கு வியர்த்துவிட்டது. தொடரலாமா?
— வாசகர், ஃபீனிக்ஸ்

பதில்: அடுத்த ஊசியைப் போடாதீர்கள். இந்த இதழ் கைக்கு வந்த அன்றே உங்கள் மருத்துவருக்குத் தொலைபேசி செய்து, குப்பி மருந்து போட்டுக்கொண்டதையும் நடுக்கம் வந்ததையும் ஒளிக்காமல் சொல்லுங்கள். அவர் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

அந்த மாலை உங்களுக்கு வந்தது பெரும்பாலும் தாழ் சர்க்கரை. கிளிக்ளசைடு, நீங்கள் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும் மாத்திரை. செமாக்ளூடைடு போன்ற ஊசி பசியை அடக்குவதால் நீங்கள் பாதிச் சோறுகூடச் சாப்பிடுவதில்லை. சர்க்கரை மேலும் இறங்குகிறது. ஆகையால் இந்த ஊசியைத் தொடங்கும்போதே கிளிக்ளசைடு, கிளிமெபிரைடு போன்ற மாத்திரைகளையும் இன்சுலினையும் குறைக்கவோ நிறுத்தவோ வேண்டுமா என்று மருத்துவர் பார்ப்பார். மெட்ஃபார்மின் தனியாக இப்படிச் செய்வதில்லை. மறுபடி நடுக்கம் வந்தால் விரல் நுனி இரத்தத்தில் சர்க்கரையைப் பாருங்கள். 4 மில்லிமோலுக்குக் கீழே இருந்தால் மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, கால் மணி நேரம் கழித்து மீண்டும் பாருங்கள். ஏறியபின் சிறிது ரொட்டியோ சோறோ சாப்பிடுங்கள். கருவி கையில் இல்லையென்றால் சர்க்கரைத் தண்ணீரை முதலில் குடித்துவிடுங்கள். செமாக்ளூடைடின் பாதியளவு உடலிலிருந்து நீங்கவே ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். முழுவதும் போக ஐந்து வாரங்கள் வரை ஆகலாம். நிறுத்திய மறுநாளே ஆபத்து விலகிவிட்டது என்று எண்ணி வண்டி ஓட்டவோ, உணவைத் தவிர்க்கவோ வேண்டாம்.

இனி அந்தக் குப்பியைப் பற்றி. செமாக்ளூடைடை எடைக்காகத் தொடங்கும்போது வாரத்துக்கு 0.25 மில்லிகிராமில் ஆரம்பித்து, நான்கு வாரத்துக்கு ஒருமுறை படிப்படியாக ஏற்றி, உடல் தாங்கினால் மட்டுமே 2.4 மில்லிகிராம் வரை போவார்கள். பேனா ஊசியில் இந்த அளவு முன்கூட்டியே வரையறுக்கப்பட்டிருக்கும். குப்பியிலிருந்து இன்சுலின் சிரிஞ்சில் எடுக்கும்போது, மில்லிகிராம், மில்லிலிட்டர், சிரிஞ்சில் குறித்திருக்கும் யூனிட் ஆகிய மூன்றையும் கணக்கிட வேண்டியவர் நீங்கள்தான். குப்பிக்குக் குப்பி மருந்தின் செறிவும் மாறும். உரிய அளவைப்போல 5 முதல் 20 மடங்கு வரை மருந்தை ஏற்றிக்கொண்டு, வாந்தி நிற்காமல் மருத்துவமனையில் சேர்ந்தவர்களைப் பற்றி 2024 ஜூலையில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் எச்சரித்தது. அதற்கு முந்தைய மாதம் உலக சுகாதார நிறுவனம், பிரேசில், பிரிட்டன், அமெரிக்கா ஆகிய நாடுகளில் போலிச் செமாக்ளூடைடு பிடிபட்டதாக அறிவித்தது. உங்கள் நண்பர் உங்களுக்குக் கெடுதல் நினைப்பவர் அல்லர் என்றே நம்புகிறேன். ஆனாலும் அந்தக் குப்பியில் என்ன இருக்கிறது என்பது அவருக்கும் தெரியாது. நம் நாட்டில் மருந்துகளைப் பதிவுசெய்யும் சாப்ரா ஆணையத்தின் பதிவு பெற்றதையே, மருத்துவர் எழுதிய சீட்டின் பேரில், உரிமம் உள்ள மருந்துக் கடையில் வாங்க வேண்டும்.

இந்த மருந்துகளுக்கு நான் எதிரி அல்லன் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். என் நோயாளிகளுக்கு நானே எழுதித் தருகிறேன். 2021-இல் வெளியான ஆய்வில், நீரிழிவு இல்லாத பருமனானவர்கள் 68 வாரங்கள் செமாக்ளூடைடு போட்டுக்கொண்டபோது சராசரியாக உடல் எடையில் 14.9 சதவீதம் குறைந்தது. மருந்தில்லா ஊசி போட்டவர்களுக்கு 2.4 சதவீதம்தான். மறு ஆண்டு வந்த, டிர்செபாடைடு என்ற இன்னொரு எடைக்குறைப்பு ஊசியின் ஆய்வில், உயர்ந்த அளவு மருந்துக்கு 72 வாரங்களில் 20.9 சதவீதம் குறைந்தது. நீரிழிவு உள்ளவர்களுக்கு இவ்வளவு குறைவதில்லை. நண்பரின் இடுப்பைப் பார்த்து உங்கள் இடுப்பை எதிர்பார்க்காதீர்கள். ஏற்கெனவே இதய நோய் இருந்த, நீரிழிவு இல்லாத, எடை மிகுந்தவர்களிடம் செமாக்ளூடைடு மாரடைப்பு, பக்கவாதம், இதய நோயால் வரும் இறப்பு ஆகியவற்றைச் சேர்த்து 20 சதவீதம் குறைத்தது என்று 2023-இல் வெளியான ஆய்வு காட்டியது. தந்தையையும் அண்ணனையும் ஐம்பதுகளில் மாரடைப்புக்குப் பறிகொடுத்த குடும்பங்கள் நம்மிடையே ஏராளம் என்பதால், இந்தக் கடைசி முடிவைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன்.

சிகிச்சை என்பது ஊசியோடு முடிவதில்லை. தொடங்கும் முன் மருத்துவர் உங்களிடம் கேட்க வேண்டியவை பல. கணையம் எப்போதாவது வீங்கியதுண்டா, பித்தப்பையில் கல் உண்டா, குடும்பத்தில் மெடுல்லரி வகைத் தைராய்டு புற்றுநோய் வந்ததுண்டா என்று கேட்பார். அந்தப் புற்றுநோய் இருந்த குடும்பத்தாருக்கு இந்த ஊசி கூடாது. எட்டு ஆண்டு நீரிழிவு உள்ள உங்களுக்குக் கண்ணின் விழித்திரையைக் கட்டாயம் பார்க்க வேண்டும். சர்க்கரை திடீரென்று இறங்கும்போது ஏற்கெனவே இருக்கும் விழித்திரைப் பாதிப்பு மோசமாகலாம். தொடங்கியபின் ஒவ்வொரு சந்திப்பிலும் இரத்த அழுத்தத்தைப் பார்ப்பார், ஏனென்றால் எடை குறையக் குறைய, பழைய அளவு அழுத்த மாத்திரை அதிகமாகி, எழுந்து நிற்கும்போது தலை சுற்றும். வாந்தியால் நீர்ச்சத்து குறைந்தால் சிறுநீரகம் பாதிக்கப்படும் என்பதால் கிரியேட்டினினைப் பார்ப்பார். முதுகுக்குப் பரவும் கடும் வயிற்றுவலி வந்தால் அன்றே வரச் சொல்வார். ஏதேனும் அறுவை சிகிச்சைக்குத் தேதி குறித்திருந்தால், இந்த ஊசி போடுவதை மயக்க மருத்துவரிடம் சொல்லியே ஆக வேண்டும்; இரைப்பை மெதுவாகக் காலியாவதால், பட்டினி இருந்தும் வயிற்றில் உணவு தங்கியிருக்கலாம். குப்பியோடு இவற்றில் எதுவுமே வருவதில்லை.

கேள்வி: என் கணவருக்கு 59 வயது. டாக்டர் எழுதிக் கொடுத்த ஊசியால் ஒன்பது மாதத்தில் 19 கிலோ குறைந்துவிட்டார். சர்க்கரை நன்றாக இருக்கிறது. ஆனால் முகம் வற்றி, தோள் இறங்கி, நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டுதான் எழுகிறார். காலையில் ஒரு ரஸ்க்கும் தேநீரும், இரவில் ரசம் சோறு நாலு வாய், அவ்வளவுதான். கோயிலில் பார்ப்பவர்கள் எல்லாம் என்ன நோய் என்று விசாரிக்கிறார்கள். இது சரியாகிவிடுமா?
— சகோதரி ஒருவர், மெரேபேங்க்

பதில்: சகோதரி, நீங்கள் கவனித்தது மிகவும் முக்கியமானது. எந்த வழியில் எடை குறைந்தாலும் குறைவது கொழுப்பு மட்டும் அல்ல. ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கோ அதற்கு மேலோ தசை முதலான கொழுப்பல்லாத பகுதியாக இருக்கும். அறுபதை நெருங்கும் ஆணுக்கு வயதால் தசை தேய்வதும் இதோடு சேர்ந்துகொள்கிறது. எடை குறைந்ததைப் பாராட்டுவதோடு நின்றுவிட்டு, எது குறைந்தது என்று பார்க்காமல் விடுவது மேற்பார்வையில் பெரிய குறை.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யுங்கள். கையில்லாத, ஆடாத நாற்காலியைச் சுவரோரம் போட்டு, அவரை இரு கைகளையும் மார்பில் குறுக்காகக் கட்டிக்கொண்டு உட்காரச் சொல்லுங்கள். நீங்கள் பக்கத்தில் நின்றுகொண்டு, ஐந்து முறை முழுமையாக எழுந்து உட்கார எவ்வளவு நேரம் ஆகிறது என்று கடிகாரத்தில் பாருங்கள். 15 வினாடிக்கு மேல் ஆனாலோ, கையை ஊன்றாமல் எழவே முடியாவிட்டாலோ, தசை வலு குறைந்திருக்கிறது என்று பொருள். அந்த முடிவை மருத்துவரிடம் சொல்லுங்கள். ஊசியின் அளவை ஒரு படி குறைத்து, சாப்பிடும் அளவுக்குப் பசியைத் திரும்ப வரவிட வேண்டியிருக்கலாம். இவ்வளவு எடை குறைந்தவருக்கு மேலும் குறைய வேண்டுமா என்பதையும் அவர் முடிவுசெய்ய வேண்டும்.

உணவில் முதலில் மாற வேண்டியது அந்த ரஸ்க். சிறுநீரகம் நன்றாக இருந்தால், இப்படி எடை குறைப்பவர்களுக்கு உடல் எடையில் கிலோவுக்கு ஒரு நாளைக்கு 1.2 கிராம் அளவில் புரதம் தேவைப்படும். 75 கிலோ உள்ளவருக்கு அது 90 கிராம். நான்கு வாய் ரசம் சோற்றில் ஐந்து கிராம்கூட இராது. பசியே இல்லாதவரைத் தட்டு நிறையச் சாப்பிடு என்று வற்புறுத்துவதால் பயனில்லை. ஆகவே தட்டின் அளவைக் கூட்டாமல், தட்டில் இருப்பதை மாற்றுங்கள். ஒரு முட்டையில் 6 கிராம் புரதம் உண்டு. தக்காளிச் சாற்றில் வரும் பில்ச்சர்ட் மீனை வெங்காயம் பச்சைமிளகாய் போட்டுக் குழம்பாக்கினால், 100 கிராம் மீனில் 17 கிராமுக்குக் குறையாது. கெட்டியாக வேகவைத்த பருப்பு ஒரு கிண்ணம் 15 கிராமுக்கு மேல். அமாசி மோர் ஒரு தம்ளர் 8 கிராம். வயிறு குமட்டும் நாளிலும் அது இறங்கும். சுகர் பீன்ஸ் குழம்பில் உருளைக்கிழங்கைக் குறைத்து பீன்ஸைக் கூட்டுங்கள். சாப்பாட்டில் புரதத்தை முதலில் சாப்பிட்டுவிட்டு, சோற்றைக் கடைசியில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

நடைப்பயிற்சி மட்டும் தசையைத் திருப்பித் தராது. வாரத்தில் இரண்டு மூன்று நாள், தசைக்குச் சுமை தரும் பயிற்சி வேண்டும். நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது, இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டிலைத் தோள் வரை தூக்குவது என்று தொடங்கலாம். முடிந்தால் உடலியக்க மருத்துவரிடம் ஒருமுறை காட்டிக் கற்றுக்கொள்ளட்டும். மெட்ஃபார்மின் பல ஆண்டுகளாக எடுப்பவராக இருந்தால் வைட்டமின் பி12 அளவையும் பார்க்கச் சொல்லுங்கள். அது குறைந்தாலும் சோர்வும் கால் மரத்துப்போவதும் வரும். இவற்றைச் செய்தால் வலு திரும்புவதை நான் பலரிடம் கண்டிருக்கிறேன். முகத்தின் வாட்டம் ஓரளவுக்குத்தான் மாறும்.

கேள்வி: எனக்கு 33 வயது. திருமணமாகி இரண்டு ஆண்டுகள், குழந்தைக்காகக் காத்திருக்கிறோம். எடை 112 கிலோ. உடற்பயிற்சிக் கூடத்தில், எனக்கு ஆண் சுரப்பு குறைவாக இருக்கும், டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டால் தொப்பை கரைந்து தசை ஏறும் என்கிறார்கள். போட்டுக்கொள்ளலாமா?
— வாசகர், டோங்காட்

பதில்: வேண்டாம், தம்பி. வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் ஏற்றினால், விரைகளுக்கு மூளையிலிருந்து போகும் கட்டளை நின்று, விந்தணு உற்பத்தி குறையும்; பலருக்கு அறவே நின்றுவிடும். நிறுத்தியபின் அது திரும்பப் பல மாதங்கள் ஆகும், சிலருக்கு ஓராண்டுக்கு மேலும் ஆகும். குழந்தை வேண்டும் என்று காத்திருக்கும் நேரத்தில் இதைச் செய்யவே கூடாது.

பருமனான ஆண்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் குறைவது உண்மைதான். பெரும்பாலும் அது எடையால் வந்த குறைவு. எடை இறங்கினால் தானே ஏறும். உங்களுக்குக் குறைவு இருக்கிறதா என்பதை, காலையில் எடுத்த இரத்தத்தில், வெவ்வேறு இரண்டு நாள்களில் பார்த்துத்தான் முடிவுசெய்ய வேண்டும். மனைவியை மட்டும் பரிசோதனைகளுக்கு அனுப்பாமல், நீங்களும் விந்துப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். 112 கிலோவுக்கு முறையான எடைக்குறைப்புச் சிகிச்சை உங்களுக்குத் தேவை. உங்கள் இருவரின் விருப்பத்தையும் மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிட்டுத் தொடங்குங்கள்.

கேள்வி: ‘மூலிகை’ என்று எழுதிய மெலிவு மாத்திரைகளும், பசியடக்கும் ஃபென்டர்மின் மாத்திரையும் ஊசியைவிட மலிவாகக் கிடைக்கின்றனவே?
— வாசகர்கள் இருவர், வெருலம், ஸ்டேஞ்சர்

பதில்: சிபுட்ரமின் என்ற மருந்து மாரடைப்பையும் பக்கவாதத்தையும் கூட்டுகிறது என்று 2010-இல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் விற்பனையிலிருந்து நீக்கப்பட்டது. அதே மருந்தை மறைவாகக் கலந்த ‘மூலிகை’ மாத்திரைகள் அதன்பிறகும் பல நாடுகளில் பிடிபட்டிருக்கின்றன. தொடாதீர்கள். ஃபென்டர்மின் முறையான மருந்துதான். ஆனால் இதயத் துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் ஏற்றக்கூடியது, சில வாரங்களுக்கு மட்டும் மருத்துவர் சீட்டின் பேரில் எடுப்பது. அழுத்தமோ இதய நோயோ உள்ள ஆண், நண்பரிடம் வாங்கி விழுங்கக்கூடியது அல்ல.

கேள்வி: நீரிழிவுக்காகவும் எடைக்காகவும் டாக்டர் மேற்பார்வையில் ஊசி போடுகிறேன். ஆண்டுதோறும் புரட்டாசி விரதத்தையும் தைப்பூசக் காவடிக்கு முந்தைய விரதத்தையும் தவறாமல் கடைப்பிடிக்கிறேன். இனியும் இருக்கலாமா? விரதமும் எடை குறைய உதவும்தானே?
— வாசகர், லெனேசியா

பதில்: விரதத்தை விடச் சொல்ல எனக்கு மனம் வராது, அதற்குத் தேவையும் பெரும்பாலும் இல்லை. செப்டம்பர் நடுவில் புரட்டாசி பிறப்பதற்கு இரண்டு மூன்று வாரம் முன்பே மருத்துவரைப் பார்த்து, எந்தெந்த நாள் ஒருவேளை உணவு, எந்த நாள் முழு உபவாசம் என்று எழுதிக் காட்டுங்கள். புலால் இல்லாத மூன்று வேளை உணவு என்றால் மருந்தை மாற்ற வேண்டிய தேவை குறைவு. முழு உபவாசம் என்றால் கிளிக்ளசைடு வகை மாத்திரையும் இன்சுலினும் அந்த நாளுக்கு மாற வேண்டும். ஊசியின் அளவை ஏற்றும் வாரமும் முழு உபவாசமும் ஒன்றாக வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். காவடி எடுக்கும் நாள் கோடை வெயிலில் வருகிறது. வெறுங்காலும் வெறும் வயிறுமாக மணிக்கணக்கில் நடப்பவர், தண்ணீரும் குடிக்காமல் இருந்தால் சிறுநீரகத்துக்கு ஆபத்து. அன்று தண்ணீர் அருந்த அனுமதியுங்கள்; நீரிழிவால் கால் மரத்திருந்தால், பாதத்தில் காயம் பட்டதா என்று மாலையில் இன்னொருவரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

எடை குறையுமா என்ற கேள்விக்கு, நம் சமையலறை எப்படி நடக்கிறது என்பதே பதில். மீனும் கோழியும் நின்றுபோன மாதத்தில், அவற்றின் இடத்துக்குப் பூரியும் உருளைக்கிழங்குப் பிரட்டலும் ரொட்டியும் வந்துவிட்டால் எடை ஏறும். வெளியே வாங்கும் கால் பன்னிச் சௌவில் (ரொட்டியைக் குடைந்து குழம்பை நிரப்பித் தருவது) பீன்ஸ்தானே இருக்கிறது என்று நினைக்கலாம். ஆனால் 700 கிராம் ரொட்டியில் கால் பங்கு என்பது குழம்பில்லாமலே 400 கலோரிக்கு மேல். அந்த மாதத்தில் பருப்பு, சுண்டல், சோயா, தயிர் ஆகியவை ஒவ்வொரு வேளையும் தட்டில் இருக்கட்டும்.

கேள்வி: ஓய்வு பெற்ற ஆசிரியன் நான்; வயது 64. சர்க்கரை, நீரிழிவுக்கு முந்தைய நிலையில் இருக்கிறது என்கிறார்கள். எடை 91 கிலோ. ஊசியின் விலை என் சக்திக்கு மீறியது. காப்பீட்டுத் திட்டமும் எடைக்கு மருந்து தர மறுக்கிறது. பணம் இல்லாதவர்களுக்கு வழியே இல்லையா?
— வாசகர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்

பதில்: ஐயா, இந்தக் கேள்வியைப் படித்தபோது எனக்கு ஏற்பட்ட சங்கடம் உண்மையானது. நீரிழிவும் உயர் இரத்த அழுத்தமும் காப்பீட்டுத் திட்டங்கள் கட்டாயம் ஏற்க வேண்டிய நாள்பட்ட நோய்களின் பட்டியலில் இருக்கின்றன. அவற்றுக்கு வழிவகுக்கும் பருமன் அதில் இல்லை. நோய் முற்றியபின் செலவழிக்கும் பணத்தை முன்னரே செலவழிக்கலாம் என்பது என் உறுதியான கருத்து.

வழி இருக்கிறது, அதுவும் சான்றுள்ள வழி. உங்களைப் போலவே நீரிழிவின் வாசலில் நின்ற 3,234 பேரைக் கொண்டு அமெரிக்காவில் நடந்து, 2002-இல் வெளியான ஆய்வில், உடல் எடையில் 7 சதவீதம் குறைப்பதையும் வாரத்துக்கு 150 நிமிட நடையையும் இலக்காகக் கொண்டவர்களிடம் நீரிழிவு 58 சதவீதம் குறைவாக வந்தது. மெட்ஃபார்மின் எடுத்தவர்களிடம் 31 சதவீதம் குறைந்தது. அதிலும் 60 வயதைக் கடந்தவர்களுக்கே உணவும் நடையும் மற்றவர்களைவிட அதிகம் பயன்பட்டன. உங்களுக்கு 7 சதவீதம் என்பது ஆறரைக் கிலோதான். அந்த ஆய்வில் உணவும் நடையும் வென்றதற்குக் காரணம், ஒவ்வொருவருக்கும் ஒரு பயிற்றுநர் இருந்து, தொடர்ந்து சந்தித்து, எடை பார்த்து, தடுக்கிய இடத்தைக் கேட்டறிந்ததே என்று நான் கருதுகிறேன். மேற்பார்வையில் அந்தப் பகுதிக்கு விலை குறைவு. உங்கள் பகுதி அரசு கிளினிக்கில் மாதம் ஒருமுறை எடையும் இடுப்பும் அழுத்தமும் பார்த்து, சிறு நோட்டில் எழுதித் தரும்படி செவிலியரிடம் கேளுங்கள். அரசு மருத்துவமனையின் உணவியல் வல்லுநரிடம் அனுப்பும்படி மருத்துவரைக் கேளுங்கள். மெட்ஃபார்மின் மலிவான மாத்திரை. உங்களுக்குப் பொருந்துமா என்றும் கேளுங்கள்.

நீரிழிவு வந்துவிட்ட மற்ற வாசகர்களுக்காக ஒன்றைச் சேர்த்துச் சொல்கிறேன். ராய் டெய்லர், மைக்கேல் லீன் என்ற இரு பேராசிரியர்கள் பிரிட்டனில் நடத்தி 2017-இல் வெளியிட்ட ஆய்வில், நோய் வந்து ஆறு ஆண்டுக்குள் இருந்த, இன்சுலின் போடாதவர்களுக்கு, மூன்று முதல் ஐந்து மாதம் நாளொன்றுக்கு ஏறக்குறைய 850 கலோரி மட்டும் உள்ள சத்துப் பானங்களையே உணவாகக் கொடுத்தார்கள். ஓராண்டு முடிவில் 46 சதவீதம் பேருக்கு மாத்திரையில்லாமலே சர்க்கரை நீரிழிவு எல்லைக்குக் கீழே நின்றது. 15 கிலோவும் அதற்கு மேலும் குறைந்தவர்களில் 86 சதவீதம் பேருக்கு. இதைப் படித்துவிட்டுத் தாமாகவே பட்டினி தொடங்கக் கூடாது. அந்த ஆய்வில் முதல் நாளே சர்க்கரை மாத்திரைகளையும் அழுத்த மாத்திரைகளையும் நிறுத்தியவர்கள் மருத்துவர்கள். பின்னர் தேவைப்பட்டவர்களுக்குத் திரும்பத் தொடங்கியவர்களும் அவர்களே.

கேள்வி: ஊசியை எத்தனை மாதம் போட வேண்டும்? நினைத்த எடை வந்ததும் நிறுத்திவிடலாமா?
— பல ஊர்களிலிருந்து

பதில்: முன்னே சொன்ன 2021 ஆய்வில் கலந்துகொண்டவர்களில் ஒரு பகுதியினரை, ஊசியை நிறுத்தியபின் ஓராண்டு கவனித்தார்கள். குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்துவிட்டது. இறங்கிய இரத்த அழுத்தமும் பழையபடி ஏறியது. மெலிந்த உடல், பசியைக் கூட்டிப் பழைய எடைக்குத் திரும்ப முயலும். அதை மனவுறுதி இல்லாததாகப் பார்த்து ஒருவரைக் குறை சொல்வது நியாயம் ஆகாது. இரத்த அழுத்த மாத்திரையை எப்படி ஆண்டுக்கணக்கில் எடுக்கிறோமோ, பலருக்கு இதுவும் அப்படித்தான் இருக்கும்.

ஆகவே முதல் ஊசிக்கு முன்பே மருத்துவரிடம் மூன்று கேள்விகளைக் கேட்டு, பதிலை எழுதி வாங்குங்கள். மூன்று மாதத்தில் பலன் இல்லையென்றால் என்ன செய்வது? எடை இறங்கியபின் எந்த அளவு மருந்தில் நிலைப்பது? பணம் தட்டுப்பட்டு நிறுத்த நேர்ந்தால் எப்படிக் குறைத்துக்கொண்டு வருவது, எத்தனை வாரத்துக்கு ஒருமுறை வந்து எடையும் சர்க்கரையும் பார்ப்பது? இந்தக் கேள்விகளுக்கு நேரம் ஒதுக்காமல், பணம் வாங்கிக்கொண்டு ஊசியை மட்டும் கையில் தரும் இடத்தில் சிகிச்சையைத் தொடங்காதீர்கள். வேறு மருத்துவரைத் தேடுங்கள். அவர் நம் நாட்டு மருத்துவத் தொழில் மன்றத்தில் பதிவு பெற்றவரா என்பதை மன்றத்தின் பதிவேட்டில் யாரும் பார்த்துக்கொள்ளலாம்.